மீதி மட்டும் தெரிந்த இயந்திரம்

ஒவ்வொரு சித்திரையும் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே கேள்வி எழும். வருசம் எத்தனை மணிக்குப் பிறக்குது? வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரம் சொல்லும். பத்திரிகைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். மருத்துநீர் எப்ப வைக்கிறது, கைவிசேஷம் எப்ப குடுக்கிறது எண்டு வீட்டுக்கு வீடு முடிவு மாறும். சனிப்பெயர்ச்சி எண்டால் வித்தியாசம் மணிக்கணக்கில் நிற்காது, மாதக்கணக்கில் போகும்.

எது சரி என்ற சண்டைக்குள் இந்தக் கட்டுரை போகப்போவதில்லை. அந்தச் சண்டைக்கு அடியில் ஒரு கணிதக் கேள்வி கிடக்கிறது. அளவான நினைவு மட்டும் உள்ள ஒரு ஆள், அல்லது ஒரு இயந்திரம், முடிவே இல்லாத ஒன்றை எவ்வளவு தூரம் பின்தொடர முடியும்? வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர்கள் சந்திரனை வைத்து இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். எண்கணிதக்காரர் பெருக்கலை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களுக்கு முழுப் பதில் கிடைத்தது 2020 இல்தான். இரண்டு கதையும் ஒரே சொல்லில் வந்து சேருகின்றன: மீதி. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் படிக்கேக்க கடைசியில் மிஞ்சுமே, அதே மீதிதான்.

248 வாக்கியங்கள்

பஞ்சாங்கத்தின் பெயரில் உள்ள 'வாக்கியம்' உண்மையிலேயே வாக்கியம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன சமஸ்கிருதத் தொடர். எழுத்துக்கு ஒரு இலக்கம் என்கிற கடபயாதி முறைப்படி அதைப் பிரித்தால் பாகையும் கலையுமாக ஒரு அளவு வரும். சந்திரனுக்கு இப்படி 248 வாக்கியங்கள் உண்டு. அன்றைய நாளுக்குரிய வாக்கியத்தை எடுத்தால் சந்திரன் எங்கே நிற்கிறது என்று கணிக்கலாம்.

ஏன் 248? சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம் கூடும், தள்ளிப் போகும்போது குறையும். இந்த வேகச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 27.5545 நாள். ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள். ஆகவே 248 நாளுக்கு ஒருக்கால் சந்திரனின் நடை கிட்டத்தட்ட அப்படியே திரும்பும். வித்தியாசம் 13 நிமிடம் அளவில்தான். அந்த 13 நிமிடமும் சேர்ந்து பெருகாமல் இருக்க இன்னும் பெரிய சுற்றுகளை வைத்தார்கள்: 3031 நாள், 12372 நாள். 3031 நாளில் 110 வேகச் சுற்றுகள் முடியும். அங்கே பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

கணிக்கிற முறையைப் பாருங்கோ. ஒரு தொடக்க நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எண்ண வேண்டும். அதிலிருந்து 12372 ஐ முடிந்தமட்டும் கழிக்க வேண்டும். பிறகு 3031 ஐ. பிறகு 248 ஐ. கடைசியில் மிஞ்சுகிற மீதி எத்தனையோ அத்தனையாவது வாக்கியம்தான் இன்றைய வாக்கியம். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிலையான தொகையைச் சேர்த்தால் வேலை முடிந்தது. 1300 அளவில் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட 'வாக்கியகரணம்' என்ற நூல் இந்த முறையை விரிவாகச் சொல்கிறது. இதைச் செய்ய வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. சந்திரன் ஏன் வேகம் மாறுகிறது என்று தெரியவும் தேவையில்லை. மீதி தெரிந்தால் காணும்.

இதை நேரில் பார்த்து வியந்தவர் ஜோன் வாரன். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த இவர், தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் தொகுத்து 1825 இல் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, அட்டவணைகளை மனதிலிருந்தே எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கோட்பாடு எதையும் அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் எழுதினார். 1825 மே 31, யூன் 1 இரவில் வந்த அந்தக் கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடு நேரம் 23 நிமிடமும் முடிவு நேரம் 52 நிமிடமும் பிசகின. பேனை இல்லை, தாள் இல்லை, தொலைநோக்கி இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விசயம் இல்லை.

வட்டுக்கோட்டைக் கிரகணம்

நாலு வருசம் கழித்து இதே மாதிரி ஒரு சோதனை யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிசனரிகள் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியிருந்தார்கள். அதன் தலைவர் டானியல் பூர் வானியலும் கணிதமும் படிப்பித்தார். பக்கத்து ஊரான அராலியில் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் இருந்தார். 1829 மார்ச் மாதத்தில் வந்த சந்திர கிரகணத்துக்கு இருவருடைய கணக்கும் ஒத்துப்போகவில்லை. நேரத்திலும் வித்தியாசம், சந்திரன் எவ்வளவு மறையும் என்பதிலும் வித்தியாசம். அன்றிரவு வானம் பூரின் கணக்கோடு நின்றது. எமேர்சன் ரெனன்ட் 1850 இல் வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்று நூலில் இந்தச் சம்பவம் வருகிறது. மிசனரிகளுக்கு அது பெரிய வெற்றிக்கதை.

எங்களுக்கு அதில் வேறொன்று முக்கியம். பூரும் அட்டவணை பார்த்துத்தான் கணித்தார். ஐரோப்பாவில் தொலைநோக்கியால் பார்த்துப் பார்த்துத் திருத்திய அட்டவணை அது. வாக்கியக் கணக்கு ஒரு காலத்தில் போட்ட சுற்றுகளையே திருப்பித் திருப்பிச் சுற்றியது. சந்திரன் எந்தச் சுற்றுக்குள்ளும் முழுசாக அடங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளியே சிந்தும். சிந்தியதை அவ்வப்போது பார்த்துத் திருத்தாவிட்டால் அது கிரகண நேரத்தில் வந்து நிற்கும். சாஸ்திரியாரின் மூளையில் குறை இல்லை. மீதியை மட்டும் வைத்திருக்கிற எந்தக் கணக்குக்கும் இந்த எல்லை உண்டு.

நினைவு குறைந்த இயந்திரம்

இந்த எல்லையைத் துல்லியமாகப் பேச ஒரு மொழி 1950களில் பிறந்தது. முடிவுறு ஆட்டோமேட்டன் என்கிற கற்பனை இயந்திரம் அந்த மொழியின் மையம். வீட்டு விசிறியின் ரெகுலேற்றரை யோசியுங்கோ. அதுக்கு ஐந்து நிலைதான். இப்ப எந்த நிலையில் நிற்கிறது என்பது மட்டும்தான் அதுக்கு 'ஞாபகம்'. நேற்று எத்தனை தரம் திருப்பினீங்கள் என்று அதுக்குத் தெரியாது. ஆட்டோமேட்டனும் அப்படித்தான். எண்ணிக்கை குறித்த சில நிலைகள் மட்டும் உண்டு. ஒரு எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும். வாசிக்கிற இலக்கத்தைப் பொறுத்து நிலை மாறும். கடைசியில் நிற்கிற நிலை எதுவோ அதுதான் விடை. எண் ஆயிரம் இலக்கம் நீளமாக இருந்தாலும் நிலைகள் அதே அளவுதான்.

இந்த இயந்திரத்துக்குக் கைவந்த கலை மீதி காண்பது. 248 ஆல் வகுத்த மீதியைச் சொல்ல 248 நிலைகள் போதும். ஆகவே வாக்கியக் கணிதரின் முக்கிய வேலையை அது செய்துவிடும்.

1, 2, 3 என்று எல்லா எண்ணையும் வரிசையாகக் கொடுத்து அது சொல்லும் விடைகளை எழுதினால் ஒரு தொடர் கிடைக்கும். எங்கள் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகம் இப்படியான ஒழுங்குக்கு வைத்த பெயர் அருமையானது: எண்கோலம். ஆட்டோமேட்டன் போடும் எண்கோலங்களை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அலன் கொப்ஹம். அவருடைய 1969, 1972 கட்டுரைகள்தான் இந்தத் துறையின் அத்திவாரம்.

உண்மையான கோலத்தையே இந்தக் கண்ணால் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன். 1974 இல் வெளிவந்த இவர்களுடைய கட்டுரை, வாசலில் போடுகிற கோலங்களைச் சில எழுதும் விதிகளாக மாற்றிக் காட்டியது. சின்ன விதி, திரும்பத் திரும்பப் போட்டால் பெரிய கோலம். கணினிக் கோட்பாட்டில் கோலம் என்ற தமிழ்ச் சொல் நுழைந்தது இப்படித்தான்.

ஒரு தாள் கீலத்தை மடியுங்கோ

இனிப் பெருக்கல். இதைக் கையால் செய்து பார்க்கலாம். நீளமான ஒரு தாள் கீலம் எடுத்து நடுவால் மடியுங்கோ. விரிக்காமல் அதே பக்கமாகத் திரும்பவும் நடுவால் மடியுங்கோ. நாலு தரம் மடித்துவிட்டு விரித்தால் 15 மடிப்புக் கோடுகள் இருக்கும். சிலது பள்ளம், சிலது மேடு. நட்டநடுக் கோடு எந்த வகையோ அதுக்கு + என்று பெயர் வையுங்கோ, மற்றதுக்கு −. முதல் கோடு + ஆக வருகிற முனையிலிருந்து எண்ணினால் இப்படி வரும்:

+ + − + + − − + + + − − + − −

இப்போது மூன்றாம் கோட்டையும் ஐந்தாம் கோட்டையும் பாருங்கோ. −, +. இரண்டையும் பெருக்கினால் −. பதினைந்தாம் கோடு? −. இரண்டும் ஏழும்: +, −. பெருக்கினால் −. பதினாலாம் கோடும் −. மூன்றும் மூன்றும்: − × − = +. ஒன்பதாம் கோடு +. எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் இது பிசகாது. இப்படிப்பட்ட எண்கோலத்தைப் பெருக்கல் தன்மையுள்ளது என்பார்கள். பெருக்கற்பலனின் விடை, பெருக்கிய எண்களின் விடைகளுடைய பெருக்கலாகவே வரும்.

தாள் எப்படிப் பெருக்கக் கற்றது? இரகசியம் மீதியில் இருக்கிறது. எண்ணை 2 ஆல் வகுபடும்வரை வகுத்துவிடுங்கோ. மிஞ்சும் ஒற்றை எண்ணை 4 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 3. மீதி 1 என்றால் +, 3 என்றால் −. ஒன்றையும் ஒன்றையும் பெருக்கினால் 1. மூன்றையும் மூன்றையும் பெருக்கினால் 9, அதன் மீதியும் 1. ஒன்றையும் மூன்றையும் பெருக்கினால் 3. + − பெருக்கல் விதி அப்படியே வந்துவிட்டது.

இதை ஒரு ஆட்டோமேட்டன் நாலே நாலு நிலையில் செய்யும். எண்ணைத் துவித முறையில் எழுதி வலப்பக்கமிருந்து வாசிக்க வேண்டும். பூச்சியங்களைத் தாண்டிப் போ. முதல் 1 வந்ததும் நில். அதுக்கு அடுத்த இலக்கம் 0 என்றால் +, 1 என்றால் −. இலக்கம் முடிந்துவிட்டால் 0 என்று வைத்துக்கொள். அவ்வளவுதான்.

வட்டுக்கோட்டைக் கிரகணத்தின் வருசத்தையே எடுப்பம். 1829 ஆம் கோடு வர 11 தரம் மடிக்க வேண்டும், கையால் நடக்காது. துவிதத்தில் 1829 என்பது 11100100101. வலப்பக்கம் 1, அதுக்கு அடுத்தது 0. ஆகவே +. சரி பார்ப்பம்: 1829 = 31 × 59. இரண்டுமே 4 ஆல் வகுத்தால் மீதி 3, இரண்டுமே −. பெருக்கினால் +. 31 உம் 59 உம் உள்ளே இருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஆனாலும் விடை பொருந்துகிறது.

கும்பகோணத்து எண்கோலம்

நாலு நிலைக்கே இவ்வளவு முடியுமென்றால், நிலைகளைக் கூட்டினால் எந்தப் பெருக்கல் எண்கோலத்தையும் பிடித்துவிடலாமா? இதுக்குச் சோதனை வைக்கக் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனிடம் போக வேண்டும்.

1916 இல் அவர் ஒரு சார்பைப் பற்றி எழுதினார். x ஐ எடுத்து, (1 − x) இன் 24 ஆம் அடுக்கு, (1 − x²) இன் 24 ஆம் அடுக்கு என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டு போனால், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குணகம் வரும். n ஆம் அடுக்கின் குணகத்தை டௌ(n) என்பார்கள். டௌ(2) = −24. டௌ(3) = 252. டௌ(6) = −6048. முதல் இரண்டையும் பெருக்கிப் பாருங்கோ, அச்சொட்டாக −6048. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்ணுக்கும் இது நடக்கும் என்று ராமானுஜன் கண்டார். நிறுவியது மோர்டெல், 1917 இல்.

டௌ எல்லையில்லாமல் வளருகிறது. விடைகள் ஒரு அளவுக்குள் நிற்க வேண்டிய ஆட்டோமேட்டனுக்கு அது ஒத்துவராது. ஆகவே கேள்வியை இலேசாக்குவம்: டௌ(n) ஒற்றையா இரட்டையா என்று மட்டும் கேட்பம். ஒற்றைக்கு 1, இரட்டைக்கு 0. இதுவும் பெருக்கல் தன்மையுள்ள எண்கோலம்தான். விடையும் தெரியும்: n ஒரு ஒற்றை எண்ணின் வர்க்கமாக இருந்தால் மட்டும் டௌ(n) ஒற்றை. 1, 9, 25, 49 என்று போகும்.

இயந்திரம் இங்கேதான் தடக்கி விழுகிறது. சில ஒற்றை வர்க்கங்களைத் துவிதத்தில் எழுதிப் பாருங்கோ. 25 என்பது 11001. 81 என்பது 1010001. 289 என்பது 100100001. மூன்று ஒன்றுகள், இடையில் இரண்டு பூச்சியக் கூட்டங்கள். முதல் கூட்டத்தில் 0, 1, 2 பூச்சியங்கள். இரண்டாம் கூட்டத்தில் 2, 3, 4. எப்போதும் இரண்டு கூட. 49, 529 என்ற இரண்டு விதிவிலக்கைத் தவிர, இந்த வடிவத்தில் உள்ள எண் வர்க்கமாக இருக்க இந்த 'இரண்டு கூட' கட்டாயம் வேண்டும். அதைச் சோதிக்க முதல் கூட்டத்தை எண்ணி ஞாபகத்தில் வைத்து இரண்டாம் கூட்டத்தோடு ஒப்பிட வேண்டும். கூட்டம் ஒரு கோடிப் பூச்சியமாகவும் இருக்கலாம். நிலைகள் அளவோடு இருக்கிற இயந்திரம் ஒரு கட்டத்தில் எண்ணிக்கையை மறந்துவிடும். வர்க்கங்களை முடிவுறு ஆட்டோமேட்டனால் அடையாளம் காண முடியாது என்று 1963 இல் ரிச்சி நிறுவினார். ஆகவே ராமானுஜனின் டௌ, வெறும் ஒற்றை இரட்டைக் கேள்வியில்கூட, சின்ன நினைவுக்குள் அடங்காது.

பதில்

தாள் மடிப்பு அடங்குகிறது, டௌ அடங்கவில்லை. கோடு எங்கே விழுகிறது? 2001 இல் சொரூஷ் யஸ்தானி எண்கணிதத்தின் பல பிரபலமான பெருக்கல் சார்புகளை எடுத்து, அவை அடங்கா என்று காட்டினார். 2012 இல் ஜேசன் பெல், நில்ஸ் புருயின், மைக்கேல் கூன்ஸ் மூவரும் ஒரு ஊகத்தை முன்வைத்தார்கள். ஒரு எண்கோலம் பெருக்கல் தன்மையுள்ளதாகவும் ஆட்டோமேட்டன் போடுவதாகவும் இருந்தால், முதன்மை எண்களில் அது சுற்றித் திரும்பும் ஒரு ஒழுங்கோடு ஒத்துப்போக வேண்டும். அதாவது, தொடக்கத்தில் உள்ள கொஞ்சத்தை விட்டால், ஒரு முதன்மை எண்ணின் விடையை ஏதோ ஒரு நிலையான எண்ணால் வகுத்த மீதியே தீர்மானிக்கும். தாள் மடிப்பில் அந்த நிலையான எண் 4.

இதை ஒலெக்சி குளூர்மனும் பார் குர்ல்பெர்க்கும் ஒரு பக்கம், யாகுப் கொன்யெச்னி தனியாக இன்னொரு பக்கம் நிறுவினார்கள். 2020 இல் கொன்யெச்னி, மரியுஷ் லெமான்சிக், கிளெமென்ஸ் முல்னர் மூவரும் சேர்ந்து இப்படியான எண்கோலங்கள் முழுவதையும் வகைப்படுத்தி முடித்தார்கள். அநேக இடங்களில் பூச்சியமாகிப் போகாத கோலங்களுக்கு அவர்கள் கண்ட வடிவம் தாள் மடிப்பின் வடிவமேதான். ஒரு முதன்மை எண்ணை மட்டும் தனியே வைத்து, அதால் வகுபடும்வரை வகுத்துவிடு. மிஞ்சியதை மீதி பார். இதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

ஒரு எண்ணின் இலக்கங்களைப் பார்த்தால் அதன் காரணிகள் தெரியாது. 1829 என்ற எழுத்துக்குள் 31 உம் 59 உம் கண்ணுக்குப் படாது. இலக்கமும் காரணியும் இரண்டு வேறு உலகம். சின்ன நினைவோடு அந்த இரண்டு உலகத்துக்கும் இடையில் போய்வர இருக்கிற பாதை மீதி மட்டும்தான் என்பதே இந்தத் தேற்றத்தின் சாரம்.

வாக்கியக் கணிதர் கண்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவர்களுக்கு நினைவு என்றால் 248 வாக்கியம், கருவி என்றால் மீதி. சுற்றுக்குள் அடங்கியதை அழகாகப் பிடித்தார்கள். அடங்காதது கிரகணத்தன்று சிந்தியது. வித்தியாசம் ஒன்று உண்டு. எங்கே சிந்தும், ஏன் சிந்தும் என்று இன்று பெருக்கலுக்கு நிறுவல் இருக்கிறது. கருவியின் எல்லையைக் கருவிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் எழுதிய நிறுவல் அது.

ஏ.எல் கணிதத்துக்கு ரியூசன், பாஸ்ற் பேப்பர், சூத்திரத் தாள் என்று ஓடுகிற எங்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் சுடவேண்டும். சூத்திரத்தைச் சரியான இடத்தில் சரியாகப் போடுவது நல்ல திறமைதான். புதுச்சேரிச் சோழிக்காரரிடம் அது நிறையவே இருந்தது. சூத்திரம் எதுவரை செல்லும் என்று கேட்பது வேறு வேலை. அதுக்குப் பரீட்சையில் புள்ளி கிடையாது.

அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கிற வழக்கம் இந்தக் குடாநாட்டுக்குப் புதிதும் இல்லை. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளை அட்சரகணித நூலொன்றைத் தமிழில் எழுதினார். பெயர் 'வீசகணிதம்'. அது வெளிவந்தது 1855 இல், செமினரி மூடப்பட்ட அதே வருசம். மடித்த தாள் பெருக்குவது ஏன், டௌ அடங்காதது ஏன் என்பதை எழுத எங்கள் பள்ளிக்கூடப் புத்தகச் சொற்களே போதுமாக இருக்கின்றன: மீதி, காரணி, முதன்மை எண், எண்கோலம். சொல் இருக்கிறது. இனி ஆட்கள் எழுத வேண்டும்.